மூன்றாம் மாடியின் வால்

இணைய முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து வரும் பின்னொட்டுக்கு, முகவரிகளைப் பதிவு செய்து தரும் அந்த அலுவலகத்தில் வால் என்றுதான் பெயர். வணிக வாலை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். கல்வி வால் அப்படியில்லை. மூன்றாம் மாடியில் இருந்த ஒருத்தியின் கையெழுத்தைத் தாண்டித்தான் அது வெளியே போகும். அவளை எல்லோரும் ‘சல்லடை’ என்பார்கள். அது காதில் விழும்போது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலை, அவள் மூன்று முறை தள்ளிவிட்ட விண்ணப்பத்துக்கு உரியவரே நேரில் வந்து நின்றார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அம்மாள் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், விரலில் கார் சாவி சுழன்றுகொண்டிருந்தது.

“என் பள்ளிக்கூடத்துக்கு ஏன் மேடம் அந்தப் பின்னொட்டு கிடையாது?”

“உக்காருங்க. டிரைவிங் ஸ்கூல் கல்வி நிறுவனத்துல சேராது. வணிகத்துக்கு உள்ளதை வாங்கிக்கோங்களேன், அஞ்சு நிமிஷ வேலை.”

“அதுதான் வச்சிருக்கேன். என் பேர்ல ஒரு எழுத்தை மாத்தி, எவனோ அதே மாதிரி ஒண்ணு திறந்துட்டான். நாலு பேர் அதுல பதிஞ்சுட்டு, தெருமுனையில நின்னு வராத காருக்குக் காத்துட்டு இருந்திருக்காங்க. கண்டவனுக்கும் கிடைக்கறது எனக்கு எதுக்கு?”

“நியாயந்தான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே.”

“அப்ப டயர் கடை மாடியில இருக்கற மேலாண்மைக் கல்லூரிக்கு எப்படிக் கொடுத்தீங்க? அது வாசல்லதான் நான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தர்றேன். மூணு வருஷமா ஒரு மாணவன்கூட அந்தப் படியேறிப் பாத்ததில்லை.”

சல்லடைக்குச் சுருக்கென்றது. கட்டட வரைபடம், ஆசிரியர் பட்டியல், அங்கீகாரக் கடிதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்த கோப்பு அது. கோப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிக்கூட இருந்தாள்.

“நம்பலைன்னா வந்து பாருங்க. கார் கீழேதான் நிக்குது.”

காரை ஓட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார். கற்றுக்கொள்ளத் தொடங்கிப் பத்தே நாள். சிக்னலில் இரண்டு முறை வண்டியை அணையவிட்டு நிறுத்திவிட்டார். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

“சுருதி சேரலை,” என்றார் அவர் பரிதாபமாக.

“கிளட்சை மெதுவா விடுங்க வாத்தியாரே. அவங்க கத்தட்டும். அவங்களும் ஒரு நாள் இப்படி நின்னவங்கதான்.”

பின்சீட்டில் சல்லடை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டயர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “காலேஜா? மேல நம்ம குடோன்தான் இருக்கு. அந்தப் பேருக்குக் கடுதாசி மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்.”

மாடிப்படியில் ஒரு பெண் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நாளை வகுப்பு ஆரம்பம் என்று மெயில் வந்ததாம். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“வர்றதுக்கு முன்னால விசாரிக்கலையாம்மா?” என்று கேட்டாள் சல்லடை.

“விசாரிச்சேனே. அவங்க முகவரி கல்வின்னு முடிஞ்சுது. அதை எல்லாருக்கும் தரமாட்டாங்க, நல்லாப் பாத்துத்தான் தருவாங்கன்னு எங்க அண்ணன் சொன்னான்.”

சல்லடை புழுதிப் படியென்றும் பாராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாத்தது நான்தான்மா. சரியாப் பாக்கலை.”

பிறகு துணிக்கடை முதலாளியின் எண்ணை வாங்கி, தானே பேசினாள். அவர் முதலில் முறுக்கிக்கொண்டார். நடந்ததை முழுக்கச் சொன்னதும், திங்கட்கிழமை வரச்சொன்னார். அந்தப் பெண்ணை பஸ் நிலையம்வரை பாட்டு வாத்தியார்தான் கொண்டுபோய் விட்டார். அப்போது ஒரு முறைதான் வண்டி அணைந்து நின்றது.

பிரிவுத் தலைவருக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. “கீழே உங்க கையெழுத்துதானே இருக்கு? மூணு மாசத்துல புதுப்பிக்க வருவாங்க. அப்ப சத்தமில்லாம நிறுத்திடலாம்.”

“அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் அந்தப் படியில வந்து உக்காருவாங்க சார்?”

சல்லடை அங்கேயே ஒரு தாளை எடுத்து, நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்று எழுதி நீட்டினாள். மாலைக்குள் அந்தக் கல்லூரியின் வால் வெட்டப்பட்டது. மறுவாரம் அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நேரில் பார்க்காமல் இனி யாருக்கும் கல்வி வால் இல்லை என்ற சுற்றறிக்கையும் அதே உறையில் இருந்தது.

அம்மாளுக்கும் கல்வி வால் கொடுக்கலாம் என்று அனுமதிக் குழுவில் வாதாடிப் பார்த்தாள். அவர்கள் மசியவில்லை. கடைசியில் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்து வேறொரு வழி கண்டுபிடித்தாள். வக்கீல், மருந்துக்கடைக்காரர் போல உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர்களுக்கென்று தனி வால் ஒன்று இருந்தது. அம்மாளிடமும் உரிமம் இருந்தது.

“பள்ளிக்கூடம்னு இருந்தா மனசு நிறைஞ்சிருக்கும்,” என்றார் அம்மாள் போனில். “சரி, அந்தப் போலிக்காரன் இதை வாங்க முடியாதுல்ல?”

“உரிமம் இல்லாம முடியாது. ஆனா நான் வந்து நேர்ல பாக்கணும்.”

“பாக்கறதுன்னா பின்சீட்ல இல்ல மேடம்.”

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் சல்லடை முதன்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கிளட்சை விட்டதும் கார் தவளைபோல ஒரு குதி குதித்து அடங்கியது. இரண்டாம் முறையும் அதே கதைதான். மூன்றாம் முறை அது மெல்ல நகர்ந்து, தெருவின் கடைசிவரை போயிற்று. மடியிலிருந்த ஆய்வுப் படிவம் எப்போதோ நழுவிக் கீழே விழுந்திருந்தது, அவள் கவனிக்கவேயில்லை.