ஒரு செட்டு மாத்திரை

கீரமங்கலத்தில் பூ ஏலம் முடிந்ததும் அடுத்த கூட்டம் ரத்தினவேல் மெடிக்கலில்தான் கூடும். டாக்டர் சீட்டெல்லாம் அங்கே தேவையில்லை. "காய்ச்சலுக்கு ஒரு செட்டு", "வயித்துப்போக்குக்கு ஒரு செட்டு" என்று கையை நீட்டினால் போதும். ரத்தினவேல் நாலு அட்டையிலிருந்து நாலு நிறத்தில் மாத்திரை கத்தரித்து, காகித உறையில் போட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, கொடுக்கிறவரும் சொல்வதில்லை. சுவரில் ஒரு பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கும். அந்த ஆள் இருப்பது சென்னையில். அவர் முகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. இது என்ன அநியாயம் என்று யாராவது கேட்டால், "பெரிய இவரு வந்துட்டாரு" என்று சிரித்தே விரட்டிவிடுவார்கள்.

அன்று காலை உதயசூரியன் தன் பூ வண்டியைக் கடை முன்னால் நிறுத்தினான். சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது, அவனுடையது அல்ல. ஏலக்கடையில் ஒருவன் வண்டியைக் குறுக்கே விட்டானாம். அவன் மூக்கை உடைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். உதயசூரியனுக்கு அப்படித்தான், வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும்.

"அண்ணே, கலைமதிக்கு மறுபடி நீர்க்கடுப்பு. போன தடவ குடுத்தீங்கள்ல, அதே செட்டப் போடுங்க."

"எத்தன தரம்டா உதயா? ஒருக்கா டாக்டர்ட்ட காட்டலாம்ல?"

"ஒங்களுக்குத் தெரியாததா? அங்கிட்டுப் போனா அந்த டெஸ்டு, இந்த டெஸ்டும்பாங்க. நீங்களே போடுங்கண்ணே."

ரத்தினவேலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "சரி, இந்தத் தடவ கொஞ்சம் பவராவே போடுறேன்" என்றார்.

உதயசூரியனின் மனைவி கலைமதி இருட்டோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவள். தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டாள், சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்வாள். நம் வயற்காடுகளில் எத்தனை பெண்களின் கதை இது! அதனால் வரும் எரிச்சலை வெளியே சொல்ல வெட்கம். செட்டு மாத்திரை ரெண்டு வேளை போட்டதும் வலி அடங்கும். அடங்கியதும் மிச்சத்தை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தி வைப்பாள். பாதி மருந்தில் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இந்தத் தடவை வலி அடங்கவில்லை. இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பூப்பையை அணைத்தபடி வரப்பிலேயே விழுந்துவிட்டாள். உதயசூரியன் அவளைத் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டு, ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பறந்தான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தில் தொற்று, அது ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டர் அடைக்கலமேரி.

டாக்டருடன் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பெயர் அர்ச்சனா, திருமயம் பக்கத்துக்காரி. மருந்தியலில் பெரிய படிப்பு முடித்து, அதற்கு மேல் கிருமித் தொற்று மருந்துகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தங்கிப் பயிற்சி எடுத்தவள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், பழுதான சிறுநீரகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கணித்துச் சொல்வதுதான் அவள் வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளைப் பெற்ற தேனப்பனே, "இம்புட்டுப் படிச்சதுக்கு ஒரு மெடிக்கல் வச்சிருந்தா நீ மொதலாளி ஆத்தா" என்று கேலி பேசுகிறவர்.

அர்ச்சனா உதயசூரியனிடம் வந்து கேட்டாள். "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாங்கண்ணே? மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டேன். அது தெரிஞ்சாத்தான் எந்த மருந்து கேக்கும்னு பாக்க முடியும்."

உதயசூரியனுக்கு ரத்தினவேலின் முகம் ஞாபகம் வந்தது. நம்ம ஊர்க்காரரை மாட்டிவிடுவதா? நம்மையும் நாலு பேர் முன்னால் ஏசுவார்களே?

"ஒண்ணுமே சாப்பிடலங்க" என்றான். "காய்ச்சல் மாத்திரகூடக் கெடையாது."

அந்தப் பொய்யை நம்பி, வழக்கமாகக் கேட்கும் ஊசியையே ஆரம்பித்தார்கள். அந்த ஊசிக்குக் கிருமி அசையவே இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்த அன்று காலை, அர்ச்சனாவே வெளியே வந்து பக்குவமாகச் சொன்னாள்.

"இப்பப் போற ஊசி வேலை செய்யலண்ணே. கிட்னியத்தான் கெடுக்குது. அத நிறுத்தியாச்சு. வேற மருந்து திருச்சியிலேருந்து வந்துக்கிட்டிருக்கு. வந்த ஒடனே போட்டுருவோம்."

பக்கத்தில் கலைமதியின் தம்பி நல்லதம்பி நின்றிருந்தான். வேனில் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கியவன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டான்.

"இல்லைங்க. பார்மசிஸ்ட்."

அவள் உள்ளே போனதும் உதயசூரியன் ரத்தினவேலுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, பார்மசிஸ்ட்டுன்னா யாருண்ணே?"

"என்னைய மாதிரிதாண்டா. மாத்திர எடுத்துக் குடுக்குற ஆளு."

"அந்தப் புள்ள கலைமதிக்குப் போற ஊசிய நிறுத்திருச்சுண்ணே!"

"மாத்திர எடுத்துக் குடுக்குறவ ஊசிய நிறுத்துறாளா? என்னடா ஆஸ்பத்திரி அது? கைவிட்டுட்டாங்கடா. கேளுங்கடா!"

ரத்தினவேல் போனை வைத்துவிட்டு அடுத்த செட்டைக் கத்தரிக்கப் போய்விட்டார். இங்கே, போனில் வந்ததைப் பக்கத்தில் நின்று கேட்ட நல்லதம்பியின் கண் சிவந்துவிட்டது. "மச்சான், எங்கக்காளக் கொல்லப் பாக்குறாளுக. பாத்துக்கிட்டா நிக்கிறீங்க?"

அந்த நேரத்தில்தான் அர்ச்சனா, திருச்சியிலிருந்து வந்த அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். நல்லதம்பி பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் சுவரில் மோதினாள், நெற்றி பிளந்தது. ஓடிவந்த நர்ஸின் கன்னத்தில் ஒருவன் அறைந்தான். வேனில் வந்தவர்கள் நாற்காலிகளைத் தூக்கி அடித்தார்கள், வரவேற்பு மேசைக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. நோயாளிகளின் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. ரத்தம் கண்ணில் வழிய, அர்ச்சனா பெட்டியை மட்டும் விடவில்லை. நல்லதம்பி சலைன் மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஓங்கி அடித்தான். அவள் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பெட்டி இப்போது உதயசூரியன் கையில் இருந்தது.

"அண்ணே, வேணாண்ணே!" என்று அர்ச்சனா தரையில் கிடந்து கத்தினாள். "அது கலைமதிக்கு வந்த மருந்துண்ணே!"

அவன் காதில் அது விழாமல் இல்லை. நன்றாக விழுந்தது. "மருந்தா? நிறுத்துறதுக்கும் நீ, குடுக்குறதுக்கும் நீயா? மாத்திர எடுத்துக் குடுக்குற நாயி, நீ யாருடி எம் பொண்டாட்டிக்கு?" என்று பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடித்தான். அடித்ததும் ஆத்திரம் தீராமல் செருப்புக் காலால் மிதித்தான். குப்பிகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

சத்தம் கேட்டு டாக்டர் அடைக்கலமேரி கதவைத் திறந்தார். தரையில் கிடந்த வெள்ளைத் தூளையும் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்தார். "பாவி, என்ன காரியம்யா செஞ்ச? இந்த மருந்து புதுக்கோட்டையில எங்கயும் இல்லய்யா. இதுக்காகத்தான உள்ள அந்தப் பொண்ணு உசுரக் கையில புடிச்சுக்கிட்டிருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உதயசூரியன் தன் செருப்பைப் பார்த்தான். அதில் கலைமதியின் மருந்து அப்பியிருந்தது.

போலீஸ் வருவதற்குள், அர்ச்சனா இடது கையால் போனை எடுத்திருந்தாள். திருச்சியில் இருப்புத் தீர்ந்துவிட்டது என்றார்கள். மதுரைக்குப் போட்டாள். "அவசரம் சார், பேஷன்ட் தாங்க மாட்டாங்க" என்று சொல்லும்போதே மயங்கிச் சரிந்தாள். மதுரையிலிருந்து மருந்து பொழுது சாய வந்து சேர்ந்தது. ஏற்றினார்கள். ஆனால் அதற்குள் கலைமதியின் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. மறுநாள் விடியும் நேரத்தில் உயிர் பிரிந்தது. உதயசூரியன் போலீஸ் காவலோடு வந்து மனைவிக்குக் கொள்ளி வைத்தான்.

ஜாமீனில் வெளியே வந்ததும் அவன் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். காவலாளி நெட்டித் தள்ளியும் வாசலிலேயே கிடந்தான். கடைசியில் அர்ச்சனா இறங்கி வந்தாள். மணிக்கட்டில் தகடு வைத்துக் கட்டியிருந்தது. அவன் காலில் விழப் போனான்.

"எந்திரிங்க. என் கால்ல விழுந்தா அவங்க எந்திரிச்சு வந்துருவாங்களா?" என்றாள். பயமும் கோபமுமாக ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க. என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"ஊர்ல ரத்தினவேல் மெடிக்கல்ல செட்டு வாங்கிக் குடுத்தேன் ஆத்தா. அடிக்கடி குடுத்தேன்."

அர்ச்சனா கண்ணை மூடிக்கொண்டாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே திருச்சிக்குப் போன் போட்டிருப்பேனே! சரியான மருந்து மொத நாளே போயிருக்குமேண்ணே!"

அவன் கீரமங்கலத்துக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வண்டியிலிருந்த ஜாக்கி லிவர் கம்பியை உருவிக்கொண்டு மெடிக்கல் முன்னால் குதித்தான். முதல் அடியில் முன் கண்ணாடி சிதறியது. அடுத்த அடி ரத்தினவேலின் தோளில் இறங்கியது. மருந்து வாங்க நின்ற கூட்டம் விலகி ஓடியது. உதயசூரியன் அவர் சட்டையைப் பிடித்துக் கண்ணாடித் துண்டுகள் மேல் இழுத்துப் போட்டு, லிவரைத் தலைக்கு ஓங்கினான்.

"எம் பொண்டாட்டியக் கொன்னுட்டியேடா!"

"அடி! அடிச்சுக் கொல்லு!" என்று ரத்தினவேல் கதறினார். "தெரியாம குடுத்தது எந் தப்புதான். ஆனா டாக்டர்ட்ட காட்டுன்னு அன்னைக்கு இந்த வாயால நான் சொல்லலையா? 'நீங்களே போடுங்க'ன்னு நீதானடா நின்ன!"

உதயசூரியன் ஓங்கிய கையோடு நின்றான். காலடியில் கண்ணாடி நொறுங்கியது. அன்று ஆஸ்பத்திரியில் செருப்புக்கு அடியில் கேட்ட அதே சத்தம்! லிவரைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தன் முகத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டான். ஓடிய கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது. அதில் ஒருத்தி, ரத்தினவேல் அப்போதுதான் மடித்துக் கொடுத்த காகித உறையைக் கையில் பிடித்திருந்தாள். அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"அதக் கீழ போடு தாயி. படிச்சவங்க பாத்துச் சொல்லாம ஒரு மாத்திரையும் வாங்காதீங்க. அவங்க கேட்டா ஒண்ணையும் மறைக்காதீங்க. அவங்க மேல கைய ஓங்காதீங்க. நான் இந்த மூணையும் செஞ்சேன். கலைமதியக் கொன்னது காய்ச்சலும் இல்ல, அந்தப் புள்ளையும் இல்ல. நாந்தான்."