பெரியவர்களுக்கு மட்டும்

என்னை வேலைக்கு எடுத்த நாளில் விஜயனே ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். பொறுமையான வழிகாட்டி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் அநேகமாகப் பேசுவதே இல்லை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

விஜயன் மலேசியத் தமிழர். லண்டனுக்குப் படிக்க வந்து, கணக்காளராகி, அதில் சலித்து, நகர நடுவே சோகோ என்ற பகுதியில் நடைச்சுற்றுலா நடத்தத் தொடங்கியவர். ஆடை களையும் மேடைகள், கறுப்புக் கண்ணாடிக் கடைகள், கஞ்சா மணக்கும் சந்துகள் எல்லாவற்றையும் காலால் நடந்து கண்ணால் மட்டும் பார்ப்பது அவருடைய சுற்றுலா. பாவம் செய்யத் தைரியம் இல்லாதவர்கள் பாவத்தைப் பார்வையிட வருவார்கள். திரும்பும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் புனிதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த வருடம் அரசாங்கம் போதைப்பொருள் பட்டியலில் கஞ்சாவை ஒரு வகுப்புக் கீழே இறக்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி இறக்கினால் அவமானம். கஞ்சாவுக்கு அது பதவி உயர்வாக அமைந்தது. எங்களுக்கும் ஆட்கள் கூடினார்கள்.

என்னைப் பற்றி முறைப்பாடுகளும் கூடின. எல்லாம் ஒரே முறைப்பாடுதான். ஜெர்மன் தம்பதி ஒன்று எழுதியது: "வழிகாட்டி ஒரு கட்டடத்துக்கு முன்னால் நெடுநேரம் மௌனமாக நின்றார். உள்ளே யாரோ இறந்துவிட்டார்கள் என்று நாங்களும் தலைகுனிந்து நின்றோம்."

"அருள், நீ நல்லவன் லா. ஆனா இன்னொரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுன்னா முடிஞ்சுது. சொல்லிட்டேன்" என்றார் விஜயன்.

எனக்கு இந்த வேலை வேண்டும். மாலையில் மட்டும் வேலை. பகல் முழுவதும் வடலண்டன் எட்மண்டன் நூலகத்தில் ஜன்னலோர நாற்காலி. இதற்கு முன் இறைச்சிக் குளிரறை ஒன்றில் பெட்டி அடுக்கினேன். அங்கே ஒருவரும் பேசச் சொல்லவில்லை. ஆனால் கையுறையோடு புத்தகப் பக்கம் புரட்ட ஏலாது.

தமிழர்களையும் நடக்க வைக்கலாம் என்ற யோசனை விஜயனுக்கு வந்தது. தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையில் அவரே தமிழாக்கி ஒரு விளம்பரம் போட்டார். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்பதை எப்படியோ சொல்ல வேண்டுமல்லவா? "பெரியவர்களுக்கு மட்டும்! லண்டன் நடுவே சிறப்பு நடை. தமிழில் விளக்கம்" என்று வந்திருந்தது. மலேசியாவில் அதற்கு என்ன பொருளோ எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தார் பெரியவர்கள் என்று யாரைச் சொல்வார்கள் என்பது தெரியும். பத்திரிகையை மடித்து வைத்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விஜயன் துள்ளிக்கொண்டு அழைத்தார். "ஒரு குரூப்பே புக் பண்ணிட்டாங்க லா! மோர்டன்ல இருந்து ஏதோ சங்கம். ஆனா மத்தியானம்தான் வேணுமாம். சாயங்காலம் மருந்து குடிக்கணுமாம்."

எந்தச் சங்கம் என்று அவர் யோசிக்கவில்லை.

மோர்டன் மூத்தோர் சங்கம் பிக்காடிலியில் சிறகு முளைத்த வில்லாளி சிலைக்குக் கீழே கூடியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். வெயிலிலும் கம்பளித் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து, கையில் பிளாஸ்க். தலைவர் அம்பலவாணன் ஐயா, கொழும்பில் சுங்கத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் கனகாம்பிகை அன்ரி. விளம்பரத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"தம்பி, சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னவர். நாங்கள் மோர்டனில எத்தினை தரம் அந்தப் பார்க்கைச் சுத்துறது? பெரியாக்களுக்கு எண்டே ஒரு நடை போட்டிருக்கிறியள், நல்ல காரியம்" என்றார் அன்ரி.

ஐயா சிலையை நிமிர்ந்து பார்த்தார். "இது ஆர் சாமி?"

"மன்மதன் மாதிரி ஒருத்தர், ஐயா."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் முறைப்பாடு. சோகோவைக் காட்டினாலும் முறைப்பாடு. சோகோவைக் காட்டாமல் சோகோவுக்குள் அழைத்துப்போவது ஒன்றே மிச்சம். புத்தகம் படிக்கிறவனுக்கு அது முடியும் என்று நம்பினேன்.

முதலில் ஒரு குறுகிய கதவு. "மொடல், மூன்றாம் மாடி" என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது.

"இங்கே ஓவியர்கள் இருக்கிறார்கள். படம் வரைவதற்காக நிற்கும் பெண்கள் மேலே" என்றேன். பயத்தில் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிட்டது.

கதவு திறந்தது. ஒருவன் வெளியே வந்து, எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்தான்.

"ஓவியரோ?" என்று கேட்டார் அன்ரி.

"ஓம் அன்ரி."

"தூரிகையைக் காணேல்லை."

அடுத்து ஒரு கடை. கறுப்பு மறைப்புப் போட்ட கண்ணாடி. மேலே இளஞ்சிவப்பு எழுத்து.

"விளையாட்டுச் சாமான் கடை" என்றேன். பொய்யே இல்லை.

"அப்ப நில்லுங்கோ, பேரனுக்கு ஏதும் வாங்குவம்" என்று ஐயா கதவை நோக்கி நடந்தார். வழிகாட்டியாக இருந்த காலத்தில் நான் ஓடியது அந்த ஒரு முறைதான். கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"இண்டைக்குப் பூட்டு, ஐயா."

எனக்குப் பின்னால் கதவு திறந்து, ஒரு பெண் பையோடு வெளியே போனாள்.

"கண்ணாடிக்கு ஏன் கறுப்பு?" என்றார் ஐயா.

"வெயில் படாமல் இருக்க."

"லண்டனிலை?"

சந்து திரும்பியதும் பச்சையான, இனிப்பான புகை எங்களைச் சூழ்ந்தது. இரண்டு இளைஞர்கள் படியில் உட்கார்ந்து உலகத்தோடு சமாதானமாகியிருந்தார்கள். சாம்பிராணி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி, இருபது வருசம் கஸ்டம்ஸில இருந்தனான்" என்றார் ஐயா. "நீர் வாயைத் திறக்கத் தேவையில்லை."

தேவாலயத் தோட்டத்தில் வாங்குகளில் உட்கார்ந்தோம். உளுந்து வடையும் தேநீரும் கை மாறின. எனக்குத் தரவில்லை. தராததை எல்லோரும் கவனித்தார்கள். ஐயா விளம்பரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கீழே இருந்த விஜயனின் இலக்கத்தைத் தன் கைபேசியில் அழுத்தத் தொடங்கினார்.

"என்ன செய்யிறியள்?" என்றார் அன்ரி.

"முறைப்பாடு. பெரியாக்களுக்கான நடை எண்டு சொல்லிப்போட்டு நேர்சரிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற மாதிரிப் போறார். விளையாட்டுச் சாமானாம்! வெயிலாம்!"

என் கண்ணுக்குள் இறைச்சிப் பெட்டிகள் வரிசையாகப் போயின.

"தம்பி," என்றார் அன்ரி, "நாங்கள் இதெண்டு தெரிஞ்சு வரேல்லை. ஏதோ தேம்ஸ் கரை, பூந்தோட்டம் எண்டு நினைச்சம். ஆனா வந்த பிறகு கண்ணை எங்கை வைக்கிறது? நான் ஆறு பிள்ளை பெத்தனான். அந்த மூண்டாம் மாடியில ஆர் இருக்கினம்? ஒழுங்காச் சொல்லும். சொன்னா அவர் போனை வைப்பார்."

ஐயா விரலை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். 

என்னிடம் ஆங்கிலத்தில் சொற்கள் இருந்தன. விஜயன் மனப்பாடம் பண்ணவைத்தவை. அம்மாவின் வயதில் இருப்பவர்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய தமிழ்ச் சொல்லைத் தேடினேன். தெருச் சொற்கள் எல்லாம் வசவு. வீட்டுச் சொல் என்று ஒன்று இல்லை. கடைசியில் சங்கப் பாடல்களில் படித்த ஒன்று வந்தது.

"பரத்தையர்" என்றேன்.

ஒரு கணம் ஒருவரும் மெல்லவில்லை. பிறகு அன்ரி வடையைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஐயோ, பரத்தையர்! எங்கட தமிழ் ரீச்சர் அந்தச் சொல்லு வந்தா பக்கத்தையே மற்றப் பக்கம் திருப்பிப்போடுவா. பரீட்சைக்கு வராது பிள்ளையள் எண்டு. ஒவ்வொரு முறையும் வந்தது!"

"அப்ப ஓடினவன் ஆர்?" என்றார் ஐயா.

"தலைவன்" என்றேன்.

ஐயா கைபேசியை மடித்துப் பையில் போட்டார். "எழும்புங்கோ. முதல்ல இருந்து போவம். நேர்சரி முடிஞ்சுது."

திரும்ப நடந்தோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை. மேலே இருக்கும் பெண்கள் எந்த நாடுகளிலிருந்து, யாருக்குக் கடன்பட்டு வருகிறார்கள் என்று சொன்னேன். படியில் உட்கார்ந்து காவலிருக்கும் கிழவிகளைப் பற்றிச் சொன்னபோது, "அவ தோழி" என்று அன்ரி திருத்தினார். கறுப்புக் கண்ணாடிக் கடைக்குள் என்ன விற்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதற்கு எந்தப் பழந்தமிழும் உதவவில்லை. ஐயா நெடுநேரம் யோசித்துவிட்டு, "பற்றரியில ஓடுறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

ரியூப் ரயில் நிலைய வாசலில் அன்ரி மிஞ்சியிருந்த வடையைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார். "நல்லா விளங்கப்படுத்தினீர், தம்பி." என் வேலை தப்பியது என்று நினைத்துக்கொண்டு எட்மண்டன் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் காலை விஜயன் அழைத்தார். குரலில் துள்ளல் இல்லை.

"அருள், கம்ப்ளெய்ண்ட்."

"ஆர்? அம்பலவாணன் ஐயாவோ?"

"அவரோட மகன். அப்பா டின்னர் டேபிள்ல உக்காந்து பேரப்பசங்களுக்கு பரத்தையர்னா யாருன்னு விளக்கம் குடுத்தாராம். மூணாவது மாடிக்கு வழியும் சொன்னாராம். இன்னும் மூணு வீட்டுல இருந்து போன். நீ ஏன் லா இவ்ளோ பேசின? உன்னை நம்பித்தானே அனுப்பினேன்!"

நான் மௌனமானேன். என் மௌனத்தின் மதிப்பு விஜயனுக்கு அன்றுதான் விளங்கியது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த வாரச் சம்பளத்தை அனுப்பிவைப்பதாகச் சொல்லி, கவலையோடு என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

நூலகத்துக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, ஒரு பக்கமும் புரளவில்லை. கைபேசி அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். கனகாம்பிகை அன்ரி.

"தம்பி, வாற புதன் காம்டன் பக்கம் ஏலுமோ? அங்கை கஞ்சா வெளிப்படையாம். தலைவர் போய்ப் பாக்க வேணுமெண்டு நிக்கிறார்."

"அன்ரி, என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். உங்கட பிள்ளையள் எல்லாரும் முறைப்பாடு."

"தெரியும். எங்களுக்கும் நேற்றிரவு முழுக்க அர்ச்சனைதான். இந்த வயசில உங்களுக்கு இதெல்லாம் தேவையோ எண்டு என்ர மகள் கத்துறாள். அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினனான்." அன்ரியின் குரல் தாழ்ந்தது. பின்னால் யாரோ நடமாடும் சத்தம். "கம்பெனி என்னத்துக்கு? நீர் நேர வாரும். எங்களுக்கு ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னாக் காணும்."

"பிள்ளையள் விடுவினமோ?"

"கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டு வாறம். நீரும் நெத்தியில கொஞ்சம் திருநீறு பூசிக்கொண்டு வாரும், ஆரும் கண்டா... இரும், மகள் வாறாள், வைக்கிறன்."