எண்ணெய் விட்ட கீல்கள்

கங்காதரன் இலேசான பால்சா மரத்தில் கட்டிய ரிமோட் விமானம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. அதற்குள் மாரடைப்பு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. சாயங்காலம் ராஜபாளையத்துக்கு ரயில். அதற்குமுன் அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் மனைவி சுசீலா சொன்னாள். அதனால்தான் அந்தக் காலையில், மனைக்கல் நட்டும் விலை படியாத வெள்ளானூர்ப் பொட்டலில், யூசுப் அந்த விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கங்காதரனோடு பல வருஷம் விமானம் விட்டவன் யூசுப். புடவைக்கடையில் பெண்கள் சரிகையைச் சுரண்டிப் பார்ப்பதுபோல, எதையும் ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்காமல் மேலே ஏற்றமாட்டான். வாலில் மேலும் கீழும் அசையும் பலகையைப் பிடித்து இழுத்தான். கீல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. விரலை முகர்ந்தான்.

"அண்ணி, இதுக்கு யார்னா எண்ணெ வுட்டாங்களா?"

சுசீலா சொன்னாள்: "ஆயுத பூஜைக்கு வீட்டுல அசையுற எல்லாத்துக்கும் அவர் எண்ணெய் விடுவார் தம்பி. கதவு, தையல் மிஷின், சைக்கிள். இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. பொட்டு வைக்கல, பொரி வாங்கல. எண்ணெய் மட்டும் விட்டேன். இதுக்கும்."

கதவுக் கீலுக்கு எண்ணெய்தான் உயிர். இதுவோ மரத்தைக் கீறிச் செருகிப் பசையால் பிடிக்கவைத்த மெல்லிய பட்டை. எண்ணெய் ஊறிய மரம் பசையை ஒட்டவிடாது.

"இன்னா மாமே யோசன? ரெண்டு சொட்டு பசைய ஊத்தி ஏத்துவியா..." என்றான், கூட வந்த கஜபதி.

"ஏத்தலாம். வுழுந்து நொறுங்குனத அள்ளிக்கினு போறதுக்குக் கோணி கொண்டாந்துகீறியா?"

சுசீலா கேட்டாள்: "நான்தான் கெடுத்துட்டேனா?"

பசை பழசு என்று ஓர் ஆறுதல் பொய் யூசுப்பின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"ஆமா அண்ணி. ஆனா வழி கீது. ஒவ்வொரு கீல்லயும் மரம், பட்டை ரெண்டையும் சேத்து ஓட்ட போட்டு மூங்கில் பல்குச்சிய எறக்கிட்டா, எண்ணெ இருந்தாலும் உருவிக்கினு வராது. அண்ணன் மரத்து மேல ஒட்டுன செவப்புத் தாள்லதான் ஓட்ட வுழும்."

அந்தத் தாளில் ஒரு சுருக்கம் கிடையாது. அவர் போன பிறகு அதன்மேல் தூசு தட்டக்கூட அவள் யாரையும் விட்டதில்லை.

"ஓட்டை போடலன்னா?"

"ஊருக்குக் கொண்டும்போயி ஷோகேஸ்ல வெச்சிக்கலாம்."

அவள் வாலைத் தன் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போடுங்க."

எல்லாக் கீல்களிலும் துளையிட்டு, குச்சி இறக்கி, நுனிகளை நறுக்கி முடித்து, யூசுப் விமானத்தை அவளிடமே நீட்டினான். "இழுங்க."

இழுத்தாள்.

"இன்னா அண்ணி, பூவா பறிக்கிறீங்க? கெணத்துல தண்ணி சேந்துற மாதிரி இழுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பலகை கழன்று வரவில்லை. இன்னொருமுறை இழுத்தபோது அழுதுகொண்டிருந்தாள். யூசுப் ரிமோட்டைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டான்.

விமானம் பொட்டலில் ஓடி எழும்பியது. ஏரிப் பக்கத்துக் காற்று மூக்கைத் தூக்கி அடித்தது. வால் பலகை அசைந்து நேராக்கியது. யூசுப் அதை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டான்.

"போதும், எறக்குடா," என்றான் கஜபதி.

சுசீலா மேலேயே பார்த்தபடி கேட்டாள்: "அவரா இருந்தா என்ன பண்ணுவார்?"

"மொத வேலையா பல்டி அடிப்பாரு. வால் மேலதான் அத்தினி பாரமும் வரும்."

"அப்ப அடிங்க."

யூசுப் ரிமோட்டின் குச்சியை மெல்லப் பின்னுக்கு இழுத்தான். விமானம் நிமிர்ந்து, தலைகீழானது. கஜபதி கண்ணை மூடிக்கொண்டான். சுசீலா இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது வட்டத்தை முடித்து நேராக வரும்வரை.