வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமைப் படம்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தின் ஓரத்திலிருந்து வந்தது. படத்தின் நடுவில் நிற்பவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். அது ஆயிரம் பிரதி அச்சாகி வீடுவீடாகப் போய், இந்நேரம் பாதிப் பேர் அலமாரித் தட்டில் விரித்திருப்பார்கள். நடக்காததை எழுதியதால் அது வழுக்கிக்கொண்டு போனது. இது நடந்தது, அதனால் தடுக்கித் தடுக்கி வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். வளர்ந்தது துணிக்கடையில். அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் வாயால் பிழைத்தவர்கள். வாய் இருக்கும்போது படிப்பு எதற்கு என்று கேட்ட வீட்டில் அடம்பிடித்துப் படித்தேன். படிப்பு நிரந்தர வேலை தரவில்லை. வாய் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் பள்ளியில் 'பருவ மலர்' என்று ஒரு புத்தகம் போடுவார்கள். மாணவர்கள் என்ன செய்தார்கள், எதில் ஜெயித்தார்கள், எத்தனை மரம் நட்டார்கள்* என்றெல்லாம் வரும். அதை எழுதுவது என் தலையில் விடிந்தது.

(* மூன்று பருவமாக மூன்று மரம் நட்டிருக்கிறோம். மூன்றும் ஒரே குழியில்தான். முந்தினது காய்ந்தால்தானே அடுத்ததற்கு இடம்?)

2

முதல் தொடக்கம்: "மைதானத்தில் காலை வெயில் பொன்னாய்ப் பரவ" (நிறுத்திவிட்டேன். எங்கள் மைதானத்தில் வெயில் வெயிலாகத்தான் அடிக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "கடுகு ஏழை வீட்டுப் பெண்தான். ஆனால்" (இந்த 'ஆனால்' வந்ததும் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். வேண்டாம்.)

மூன்றாவது, மலரிலிருந்து அப்படியே: "வெள்ளியன்று விளையாட்டு விழா இனிதே நடைபெற்றது. மாணவியர் நானூறு மீட்டர் ஓட்டத்தில் விறுவிறுப்பான போட்டிக்குப் பின்..."

இந்த வரியை நான் எழுதியது செவ்வாய்க்கிழமை மத்தியானம். இதுவே நல்ல தொடக்கம்.

3

எப்படி என்று கேட்பீர்கள். பருவத்தின் கடைசி நாள்தான் விளையாட்டு விழா. அன்று மத்தியானம் சிறப்பு விருந்தினர் கையில் மலர் இருந்தாக வேண்டும். அச்சகத்துக்கு இரண்டு நாள் வேண்டும். புகைப்படக்காரருக்கோ வாரக் கடைசியில் கல்யாண வேலை, செவ்வாய் விட்டால் ஆள் கிடைக்க மாட்டார். ஆகவே விழாவுக்கு மூன்று நாள் முந்தியே வெற்றி மேடைப் படம் எடுத்துவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். யாராவது மூன்று பெண்களை ஏற்றி நிறுத்துவார்கள். கீழே 'வெற்றிபெற்றோர்' என்று மட்டும் போடுவார்கள். யார், எத்தனையாவது என்று இருக்காது. யாருக்கும் சேதமில்லை. அரைப் பொய்தான், ஆனால் ஆயுள் கெட்டி.

இந்தப் பருவம் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். துணிக்கடைக் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை நிறுத்துகிற மாதிரி, உயரமான பெண்ணை நடுவில் நிறுத்தினேன். பிள்ளைகள் அவளைக் கொடிக்கம்பம் என்பார்கள். போன மூன்று பருவமும் அவள்தான் முதலாவதாக வந்தாள், அதனால் உடற்கல்வி ஆசிரியரும் தலையாட்டினார். அதோடு விட்டேனா? பெயர் போட்ட சரக்கு தேங்காது என்று எங்கள் சித்தப்பா சொல்வார். படத்துக்குக் கீழே மூன்று பெயர்களையும் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று போட்டுவிட்டேன். பெற்றோர் ஆளுக்கு நாலு பிரதி கேட்பார்கள் என்று கணக்கு. சான்றிதழ்களையும் கையோடு எழுதிவைத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். விழாக் குழுச் செயலாளர் என்று கீழே ஒப்பமும் நானே.

4

வெள்ளிக்கிழமை காலை கடுகு முதலாவதாக வந்தாள்.

(இந்த இடத்தில் ஓட்டத்தை ஒரு பக்கம் வர்ணிக்கலாம். நான் பார்க்கவில்லை. பந்தலில் நாற்காலிக்கு ஒன்றாக மலர் வைத்துக்கொண்டிருந்தேன்.)

கடுகு பத்தாம் வகுப்பு. ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா பள்ளிக்குப் பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். கொடிக்கம்பம் எட்டடி பின்னால் வந்தாளாம். உடற்கல்வி ஆசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது தலைமையாசிரியை கையில் மலர்தான் இருந்தது. அவர் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலி வரிசைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அச்சாயிடுச்சே."

அவ்வளவுதான். மத்தியானம் சிறப்பு விருந்தினர் அச்சில் இருந்தபடி சான்றிதழ் கொடுத்தார். பட்டியலில் கடுகின் பெயர் எங்குமே இல்லை. அவள் செவ்வாய்க்கிழமை மேடையில் நிற்கவில்லையே.

5

இங்கே எனக்கு ஒரு வில்லி தேவைப்படுகிறது. கொடிக்கம்பத்தைத்தான் நினைத்தேன். அகம்பாவம் பிடித்த, பணக்கார வீட்டு (பொய். அவள் அப்பா பேருந்து நடத்துனர்.)

உண்மையில் அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் நேரே தலைமையாசிரியையிடம் போய், "மிஸ், நான் ரெண்டாவதுதான் வந்தேன்" என்றிருக்கிறாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டி, இந்தத் தன்னடக்கம்தான் வெற்றியாளருக்கு அழகு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மலரில் அதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடச் சொல்லியிருக்கிறார். ஆக, வில்லி இடம் காலியாகவே இருக்கிறது. விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர் இந்தக் கதையில் ஒருவர்தான், அவரே எழுதிக்கொண்டும் இருக்கிறார்.

6

ஒரு சான்றிதழுக்கு இத்தனை புலம்பலா என்று நினைப்பீர்கள். விஷயம் இதுதான். நகரத்தில் ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது. எடுத்துக்கொண்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருநாள் ஓடவிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளியில் முதலிடம் என்பதற்குச் சான்று இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பதினாறு வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். கடுகுக்கு இதுதான் கடைசி வருஷம். கொடிக்கம்பம் அங்கே போகவும் இல்லை, அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை.

விடுமுறையிலும் அலுவலகம் திறந்திருந்ததால் திங்கட்கிழமை கடுகின் அம்மா பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பேசிப் பழகினவர் நீங்கள், நீங்களே பேசி அனுப்புங்கள் என்றார். என் ஒப்பந்தம் அடுத்த பருவத்துக்கு நீளுவது அவர் கையெழுத்தில்தான். நான் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு தாள். என் பொண்ணு முதலாவதா வந்தாள் என்று எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். நான் மறுக்கவில்லை. மறுப்பவன் வியாபாரியே இல்லை. அடுத்த பருவம் அவள் படத்தைத் தனியாகப் போடுகிறோம் என்றேன். பள்ளி திறந்ததும் காலையில் எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் ஊக்கப் பரிசு என்று ஒரு சான்றிதழை எடுத்து வைத்தேன்.

"ஊக்கம்னா என்ன சார்?"

"முயற்சி பண்ணினதுக்கும்மா."

"அவ முயற்சி பண்ணல சார். ஜெயிச்சா."

எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எங்கள் கடையில் ஒரு பாடம் உண்டு. வந்தவர் வாசல்படியில் கால் வைக்கும்வரை வியாபாரம் முடியவில்லை. அந்தக் கணத்தில் கூப்பிட வேண்டும். முந்தினால் மலிவு, பிந்தினால் ஆளில்லை. நான் சரியாகக் கூப்பிட்டேன். இந்தாங்கம்மா, கண்ணாடிச் சட்டம் போட்டே தருகிறேன் என்றேன். அந்த அம்மா திரும்பி நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெறுங்கையோடு மகள் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்திருக்கலாம். திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் முடித்ததிலேயே சுத்தமான வியாபாரம் அது. அந்தச் சந்தோஷம் மாடிப்படி இறங்கும்வரை இருந்தது.

7

கீழே கடுகு நின்றாள், கையில் மலர். அழவில்லை. (அழவைத்திருந்தால் கதை கொஞ்சம் ஓடியிருக்கும்.) வெற்றி மேடைப் படத்தை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"இதுல நான் இருக்கேன் சார்."

எங்கே என்றேன். இடது ஓரத்தில் விரல் வைத்தாள். வெள்ளைச் சட்டை, மங்கலாக ஒரு முதுகு. வெற்றி மேடை என்பது எங்கள் பள்ளியில் மூன்று பெஞ்சுகள். அவற்றைப் பத்தாம் வகுப்பிலிருந்து தூக்கிக்கொண்டுவர அவளைத்தான் அனுப்பியிருந்தேன். போட்டுவிட்டு நகர்வதற்குள் படக்காரர் அழுத்திவிட்டார்.

"எல்லார் பேரும் போட்டீங்க. பெஞ்சு தூக்கினது இன்னாருன்னும் போட்டிருக்கலாம்ல. அதாச்சும் நெஜம்."

அவளிடம் பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்றால்

(இதுவரை நான் எழுதியதெல்லாம் அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்திருக்கிறது, அளவும் சரியில்லை.)

8

இன்று ஞாயிறு. நாளை காலை ஒன்பது மணிக்கு விடுதியில் தேர்வு. அம்மாவும் மகளும் ஊக்கப் பரிசை எடுத்துக்கொண்டாவது போய் வாசலில் நிற்கப் போவதாக உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். இனி முடிவுகள். எடுத்துப் பாருங்கள், பார்க்கக் காசில்லை.

முதலாவது: வாசலில் நிறுத்தப்பட்ட கடுகு, பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். அதை விடுதிப் பயிற்சியாளர் மாடியிலிருந்து பார்க்கிறார். (பல பேர் பல தடவை விற்ற சரக்கு. சாயம் போய்விட்டது.)

இரண்டாவது: தலைமையாசிரியை மனம் மாறி (அவரை நீங்கள் சந்தித்ததில்லை.)

மூன்றாவது: சான்றிதழில் ஒப்பமிட்ட செயலாளரே ஒன்பது மணிக்கு அங்கே போய், மலரில் வந்தது ஓட்டத்துக்கு முன்பே எழுதியது, முதலில் வந்தவள் இவள்தான் என்று கடிதம் கொடுக்கிறார். கடிதம் இருந்தால் உள்ளே விடுவார்கள், விசாரித்துவிட்டேன். பிறகு அவருக்கு அடுத்த பருவம் வேலை இருக்காது. அதை யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை.

கடிதம் எழுதியாகிவிட்டது. சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை ஆணியில் தொங்குகிறது, மடிப்புக் கலையாமல். இந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு இஸ்திரிக் கடைதான், பள்ளிக்குப் பின்தெருவில்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒருமுறை முடிவை முன்கூட்டி எழுதினேன். ஓடி ஜெயித்த ஒரு பெண்ணுக்கு அதில் நிற்க இடமில்லாமல் போயிற்று. நாளை நடப்பதை இன்றே எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆகவே முடிவு உங்கள் கையில்.

இதைப் படித்து, பரவாயில்லை, மனுஷன் திருந்திவிட்டான் என்று உங்களுக்குத் தோன்றினால் கொஞ்சம் நில்லுங்கள். கடைக்காரன் மகன் சொல்கிறேன்: வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.