வெற்றிக் கதைக்கு இரண்டு பக்கம்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததும் வேண்டாம் என்றார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009. பால்வாடி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஒரு தொண்டு நிறுவனம் புத்தகம் போட நினைத்தது. பயிற்சியால் மாறிய டீச்சர்களைப் பற்றி, ஆளுக்கு இரண்டு பக்கம். 'வெற்றிக் கதைகள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் விருத்தாசலத்துக்காரன் என்பதால் பீங்கான் கம்பெனிகளை ஒட்டிய குடியிருப்பில் பால்வாடி நடத்தும் அமுதவள்ளியை எனக்கு ஒதுக்கினார்கள். "நல்லா பேசுவாங்க" என்றார்கள்.

நன்றாகத்தான் பேசினாள்.

(புத்தகத்துக்கு எழுதியபோது 'அவர்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பிய பிறகு 'அவள்' ஆகிவிட்டாள். கதைக்குள் இவ்வளவு நெருங்கி வருகிறவளை எனக்கு 'அவர்' என்று எழுத வருவதில்லை.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பயிற்சி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய அமுதவள்ளியின் முகத்தில் ஒரு புதிய ஒளி'

முகத்தில் ஒளி எல்லாம் இல்லையாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கால் வலிதான் இருந்ததாம்.

'துர்கா பிறவியிலேயே'

வேண்டாம். இப்படித் தொடங்கினால், அந்தப் பால்வாடிப் பிள்ளைக்கு என்ன என்பது எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்று ஆகிவிடும். யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கதையே.

3

2005இல் விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்பவர் வந்திருந்தார். டீச்சர்களைத் தரையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடவைத்தார், காகிதத்தில் முகமூடி செய்யவைத்தார். ஒரு மத்தியானம் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "புள்ளைங்களைப் பாருங்க. முதுகுப் பக்கம் நின்னு கையைத் தட்டுங்க. திரும்பலைன்னா அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க. மூணு வயசுல கண்டுபிடிச்சா அந்தப் புள்ள பேசக் கத்துக்கும். ஏழு வயசுல கண்டுபிடிச்சா ரொம்பக் கஷ்டம்."

நல்ல மனிதர். அவரை வில்லனாக்கி ஒருமுறை எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.*

* அதற்கும் ஒரு பயிற்சி இருக்கக்கூடும். அமுதவள்ளி இருந்த ஊருக்கு அது வரவில்லை.

4

பால்வாடியில் துர்காவுக்கு அப்போது மூன்று வயது. இரண்டொரு சொல்தான் வரும், அதுவும் குழறலாக. அமுதவள்ளி பின்னால் நின்று கை தட்டினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பின. துர்கா கையிலிருந்த மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் தட்டினாள். அதற்கு மறுநாளும்.

துர்காவின் அம்மா சிவசங்கரி பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவள். சாயங்காலம் விரலெல்லாம் நீலமாகப் பிள்ளையைத் தூக்க வந்தாள்.

"புள்ளைக்குக் காது கேக்குதான்னு ஒரு தபா ஆஸ்பத்திரியில காட்டுங்களேன்" என்றாள் அமுதவள்ளி.

"என்னாது?"

"சந்தேகம்தான். காட்டிட்டா நல்லது."

"எம்புள்ளய செவுடுன்னு சொல்றியா?"

அதுவரை 'டீச்சர், வாங்க, போங்க' என்றிருந்தவள் 'நீ' என்றாள். சண்டை அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது என்று அமுதவள்ளி சொன்னாள்.

5

மறுநாள் காலை சிவசங்கரி, அவள் புருஷன் பாண்டியன், தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். சிவசங்கரி சோறு போடும் அலுமினியத் தட்டை எடுத்து, தரையில் உட்கார்ந்திருந்த துர்காவுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தாள்.

துர்கா திரும்பினாள்.

"பாத்தியா? பாத்தியா? திரும்புறாளா இல்லையா?"

கூட்டம் சிரித்தது. பாண்டியன் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தான். ஓசையைக் கேட்டுத் திரும்பினாளா, தரை அதிர்ந்ததில் திரும்பினாளா? அமுதவள்ளிக்கே அப்போது தெரியவில்லை. தனக்குத்தான் தப்பாகிவிட்டதோ என்றுகூட நினைத்தாளாம். சிவசங்கரி செருப்பைக் கழற்றினாள். ஆயா கொளஞ்சியம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் அமுதவள்ளி நிமிர்ந்து நின்று, 'அடிங்க, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்வாள். அவளிடம் படித்துக் காட்டினேன். "அதை அடிச்சிடுங்க சார். நான் அப்டி சொல்லல" என்றாள்.)

மத்தியானம் மேற்பார்வையாளர் ஆதிலட்சுமி வந்தார். டீச்சரை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க டாக்டரா?"

"பயிற்சியில சொன்னாங்க மேடம்."

"பயிற்சியில ஆயிரம் சொல்லுவாங்க. மேலிடத்துக்குப் புகார் போச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. வெளிய வந்து, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க."

அமுதவள்ளியின் புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனவன் போனவன்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். அவள் வெளியே வந்தாள்.

"தெரியாம சொல்லிட்டேன். பாப்பா நல்லாத்தான் இருக்கா."

இதைச் சொல்லும்போது துர்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

6

இந்தப் பகுதியைப் புத்தகக்காரர்கள் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். இதைத் தாண்டி நேரே முடிவுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷம் அமுதவள்ளி ஒன்று செய்தாள். துர்காவைப் பின்னாலிருந்து கூப்பிடவே மாட்டாள். எதிரில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, வாயை நன்றாக அசைத்துப் பேசுவாள். பாட்டை எல்லாம் கையாலும் கண்ணாலும் செய்து காட்டுவாள். பிள்ளை பிடித்துக்கொண்டது. மற்றப் பிள்ளைகள் எழுந்தால் எழுந்தது, கும்பிட்டால் கும்பிட்டது, சிரித்தால் சிரித்தது. பயிற்சியில் கற்றதை எல்லாம் அந்த ஒரு பிள்ளைக்கே கொட்டிக் கொடுத்தாள்.

அதனால் என்ன ஆயிற்று? துர்காவுக்குக் காது கேட்கவில்லை என்பது வெளியே தெரியாமலே போயிற்று. "பாத்தீங்களா, எவ்ளோ சூட்டிகையா இருக்குது" என்று சிவசங்கரி எல்லோரிடமும் சொன்னாள்.

அமுதவள்ளி இதை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டால் அவள் நல்லவளாகவே இருந்திருப்பாள். ஆனால் அது அமுதவள்ளியாக இருக்காது.

7

பள்ளிக்கூடத்தில் யாரும் எதிரில் வந்து உட்காரவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். ஒன்றாம் வகுப்பில் துர்கா மக்கு என்று பின்வரிசைக்குப் போனாள். இரண்டாம் வகுப்பு வாத்தியார் சந்தேகப்பட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாத்தியார் சொன்னதால் போனார்கள். பிறவியிலிருந்தே கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்று வயதில் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே சிவசங்கரி பால்வாடிக்கு வந்தாள். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அவள் கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமில்ல?"

"சந்தேகந்தான் இருந்துச்சு."

"நான் செருப்பெடுத்தேன். எடுக்கத்தான் செய்வேன், பெத்தவ இல்லயா? அதுக்காக நீ சும்மா இருந்துடறதா? படிச்சவதான நீ?"

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இன்னொன்றில் அமுதவள்ளி வேலையை விட்டுவிட்டுத் துர்காவுக்குச் சைகைமொழி கற்பிக்கப் போகிறாள். புத்தகக்காரர்கள் இதைத்தான் கேட்டார்கள், "இப்படி முடிச்சிருங்களேன் சார், யாருக்குத் தெரியப்போவுது" என்று. மூன்றாவதில் சிவசங்கரி

மூன்றாவதையும் அடித்துவிட்டேன்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று அமுதவள்ளியைக் கேட்டேன். அவள் உண்மையைத்தான் சொன்னாளாம்.

"எனக்கு வேல போயிடும்னு பயம். உம்புள்ளய விட எனக்கு எம்புள்ளைங்க பெருசாத் தெரிஞ்சுது."

அதைக் கேட்டுச் சிவசங்கரி என்ன செய்தாள் என்பதை அமுதவள்ளி சொல்லவில்லை. சிவசங்கரியிடம் போய்க் கேட்க எனக்குக் கால் வரவில்லை.

வாசற்படியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒருத்தி நிற்கிறாள். நீங்கள் யார் வீட்டு ஆளோ, அந்தப் பக்கம் நின்று கதையை முடித்துக்கொள்ளுங்கள்.