ஜெறோம் வைக்காத அடி

ஜெறோமின் காதில் ஒரு குறையும் இல்லை. கனடாவின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு வருடா வருடம் காது பார்ப்பார்கள். ஐம்பது வயதிலும் அவருக்கு ஊசி விழுந்தால் கேட்கும். அதனால்தான் அந்தச் சத்தத்தைப் பிரமை என்று தள்ளிவிட அவரால் முடியவில்லை.

வரிசையில் நின்றால் அது வரும். வேலைக்குள் நுழையும் சோதனை வரிசையில், கோயிலில் நற்கருணைக்கு நிற்கும்போது, வங்கியில். முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சப்பாத்து பின்னுக்குப் போகும். மற்றச் சப்பாத்தும் போய் அதோடு சேரும், டக். திரும்பிப் பார்த்தால் பனிக்கு ரப்பர் சப்பாத்து போட்ட யாரோ ஒரு மனுசி நிற்பாள். ரப்பர் அப்படிச் சத்தம் போடுமா, சொல்லுங்கள்!

ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. மகள் தக்ஷினி, கனடா இராணுவத்தில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து. ஊரில் இராணுவத்திடம் பட்டவள் அவர் மனைவி பிரியந்தி, ஆமி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. "உன்ர அப்பாவும் அங்க இருந்தவர்தானே, அவரிட்டக் கேள்" என்று மகளைத் தள்ளிவிட்டாள்.

இருந்தவர்தான். கலியாணத்துக்கு முந்தி ஆறு வருடம் பகுதிநேரச் சிப்பாய். அந்தப் பிரிவில் நிறத்தால் தனித்துத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: ஜெறோமும், ஹெயிட்டிக்காரன் வில்னேரும். ஜெறோமை எல்லோரும் 'கறி' என்றார்கள். வில்னேரை அழைத்த சொல்லை எழுதக் கை கூசுகிறது. மற்றவர்கள் சிரிக்கும் முன்னே ஜெறோம் தானே சிரித்துவிடுவார். முந்திக்கொண்டு சிரித்தால் குத்தாது என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. வில்னேர் சிரிக்கமாட்டான். அவனுக்குப் பதின்மூன்றாம் இலக்கச் சப்பாத்து, ஜெறோமுக்கு ஏழு. அதை வைத்து மட்டும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணிச் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றெட்டு மாசியில் ஒரு சனிக்கிழமை, இனத்துவேஷம் பற்றிக் கட்டாய வகுப்பு என்று எல்லோரையும் அணிவகுப்பு மண்டபத்தில் கூட்டினார்கள். காலையில் படம் போட்டார்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். பிறகு வகுப்பெடுக்க வந்த அதிகாரி அத்தனை பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். "உங்கள் தோலின் நிறத்தைச் சொல்லி இந்தக் கட்டடத்துக்குள் யாராவது உங்களை இழிவுபடுத்தியிருந்தால், ஓர் அடி பின்னால் வையுங்கள்" என்றார்.

டக். டக். ஜெறோமுக்கு இடப்பக்கம் நின்ற வில்னேர் பின்னால் போனான்.

ஜெறோமின் வலது குதி தரையை விட்டுக் கிளம்பியது. பொய் சொல்லக்கூடாது, கிளம்பியதுதான். பிறகு அந்தக் குதி அதே இடத்தில் இறங்கிவிட்டது. வரிசையில் நாற்பது பேர். பின்னால் வில்னேர் தன்னந்தனியாக. அதிகாரி ஜெறோமின் முகத்தையே பார்த்தார். "உனக்கு ஒன்றும் நடக்கவில்லையா?"

"இல்லை சேர்" என்று ஜெறோம் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அதுவரை பயிற்சி முகாமுக்கு இரண்டு பேரும் வில்னேரின் காரில்தான் போய்வந்தார்கள். திரும்பி வரும்போது ஜெறோம் ஓயாமல் கதை கொடுத்து அவனைத் தூங்கவிடாமல் கொண்டுவருவார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு இராணுவ பஸ்ஸில் ஏறினார். பங்குனியில் ஒருநாள், தனியே ஓட்டிவந்த வில்னேர் தூங்கிப்போனான். கார் வீதியை விட்டிறங்கி, உறைந்திருந்த ஆற்றுப் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று; அவன் உயிரோடு வரவில்லை.

இதையெல்லாம் அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இன்று தக்ஷினி இராணுவத்தில் சேரக் கையெழுத்து வைக்கிற நாள். இரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அவர்கள் இருக்கும் இல்-பிசாரில் பஸ்ஸை நம்பி இறங்க முடியாது, அப்பாதான் கொண்டுபோய் விடவேண்டும். வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அப்பா, அங்க உங்களுக்கு ஏதும் நடந்ததோ? பழைய ஆக்கள் எல்லாரும் இப்ப வெளியில கதைக்கினம். நடந்திருந்தா சொல்லுங்கோ, நான் தெரிஞ்சுகொண்டு போகவேணும்."

"எனக்கோ? ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளை." சிரித்தார். அதே சிரிப்பு.

அவள் முன்னால் போனாள். அவர் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். புதுப்பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. காரடியில் தக்ஷினி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போன தடம் வாசலிலிருந்து ஒற்றைக்கோடாகக் காரடிவரை கிடந்தது.

டக்.

பனியில் அந்தச் சத்தம் வரக்கூடாது. வந்தது. பட்டப்பகலில், அவர் கண்ணெதிரே, தக்ஷினியின் முதுகுக்கு ஓர் அடி பின்னால் பனி ஒரு கால் அளவுக்கு அமுங்கியது. டக். பக்கத்தில் மற்றக் கால்.

ஐயோ, வில்னேர், பிள்ளையை விடடா! வாய்க்குள் கத்திக்கொண்டு ஓடினார். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அந்தத் தடம் பதின்மூன்று இல்லை. சின்னக் கால். வலது குதி உள்பக்கமாகத் தேய்ந்த சப்பாத்து. சின்ன வயதிலிருந்தே அவர் சப்பாத்து அப்படித்தான் தேய்கிறது.

தக்ஷினி திரும்பினாள். "என்னப்பா? என்ன செய்யிது உங்களுக்கு?"

அவர் வலது காலை அந்தக் குழியில் வைத்தார். இடது காலையும் வைத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"நடந்தது, பிள்ளை. ஆறு வருசமும் நடந்தது. எனக்கும் நடந்தது, வில்னேர் எண்டு ஒருத்தனுக்கும் நடந்தது. அவன் சொன்னான். நான் பக்கத்தில நிண்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப ஏனப்பா இவ்வளவு நாளும்…"

"வெக்கம், பிள்ளை."

அவள் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "முழுக்கச் சொல்லுங்கோ. ரெண்டு மணி போனாப் போகட்டும்."

அவர் சொல்லத் தொடங்கினார். கார் ஆற்றுக்குள் போன இடம்வரை வந்துவிட்டார். தக்ஷினி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெல்ல, "இது ஆரின்ர கால்?"

அவருடைய காலோடு காலாக, ஒரே நேர்கோட்டில், பனியில் இரண்டு பெரிய சப்பாத்துத் தடங்கள் பதிந்திருந்தன. அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.