தோண்வெல் குடும்பத்தின் கடைசி வரி

ஒவ்வொரு ஒக்டோபரிலும் லண்டனிலிருந்து அந்த நீள உறை கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடும். 'சேர்' என்ற பரம்பரைப் பட்டம் பெற்ற ஆங்கிலக் குடும்பங்களின் வரலாற்றை ஆண்டுதோறும் அச்சிடும் புத்தகக்காரர்கள், தோண்வெல் குடும்பத்தின் பக்கத்தை அனுப்பி, பிழையிருந்தால் திருத்தித் தரும்படி கேட்பார்கள். சேர் ஜெறல்ட் தோண்வெல் கதவைச் சாத்திக்கொண்டு திருத்துவார். அரக்கு வைத்து மூடிய உறையைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவது மகள் நேசமலரின் வேலை. "நம்முடைய கதை முழுக்க இதற்குள் இருக்கிறது, கவனம்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு உறைகள் கொண்டுபோயிருக்கிறாள்.

அவர் சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். அரசனுக்குக் குதிரைகள் கொடுத்துப் பட்டம் வாங்கிய முதலாமவர். சூதாடிப் பாதிக் காட்டைத் தோற்ற மூன்றாமவர். தேயிலைத் தோட்டம் நொடித்து, துறைமுகத்தில் எழுத்து வேலைக்கு வந்த எட்டாமவர், அவளுடைய பப்பா. பட்டம் ஆண்பிள்ளைக்கே போகும், ஆகவே அவரோடு முடிந்துவிடும் என்பதும் தெரியும். போகட்டுமே, கடைசி வரியில் தன் பெயர் இருக்குமே! அந்த வரியை எத்தனையோ விதமாக மனதில் அச்சடித்துப் பார்த்திருந்தாள்.

1938 செப்டெம்பரில் பப்பா இறந்தார். லண்டனுக்குச் செய்தி எட்டுமுன்பே அந்த வருடத்து உறை வந்தது. நேசமலர் முதன்முறையாக அதைத் தானே பிரித்தாள். விரல் நேரே கடைசி வரிக்கு ஓடியது.

'எட்டாமவர், சேர் ஜெறல்ட். கொழும்பில் வசிக்கிறார். மணமாகாதவர்.'

தாய் மெற்றில்டா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நேசமலர் வாசித்துக் காட்டினாள்.

"உங்களுக்கு இது தெரியுமா அம்மா?"

"ஓம்."

"மாதா கோயில்ல கட்டினதெண்டு சொன்னீங்களே!"

"கட்டினதுதான். அவர் எங்கட வேதமில்லை எண்டு பீடத்துக்கு முன்னால விடேல்லை. பின்னால சாமியார் உடுப்பு மாத்துற அறையில, ரெண்டு சாட்சியோட. அது அரைக் கலியாணம், லண்டன் புத்தகத்தில போடேலாது எண்டு பப்பாதான் சொன்னார். நானும் நம்பிட்டன்."

"அப்ப நான் அரைப் பிள்ளையோ?"

"சத்தம் போடாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"லண்டனுக்கே கேட்டுட்டுது. நான்தானே கொண்டுபோய்ப் போட்டனான்!"

அவள் பெயரை எழுதியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? மகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பட்டம் முடியத்தான் போகிறது. ஒருவருக்கும் நட்டமில்லாத அந்த உண்மையைக்கூட அவர் கொடுக்கவில்லை.

மெற்றில்டா கையைத் துடைத்துவிட்டு மைக்கூட்டை எடுத்து வந்தாள். "அந்தச் சொல்லை வெட்டிப்போட்டு எங்கட பேரை எழுது."

நேசமலர் ஓரத்தில் இறந்த தேதியை எழுதினாள். 'ஆண் வாரிசு இல்லை. பட்டம் அற்றுப்போயிற்று' என்று சேர்த்தாள். பேனா 'மணமாகாதவர்' என்ற சொல்லின்மேல் நின்றது. பிறகு அதை வெட்டாமலே மைக்கூட்டை மூடினாள்.

"அது அவர் எழுதினது. அவரே வச்சிருக்கட்டும்."

தபால் கந்தோரில் முத்திரை குத்தும் கிளறன்ஸ் உறையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மிஸ், பப்பா போயும் அவற்ற கடிதம் நிக்கேல்லையோ?"

"பப்பாட இல்லை அங்கிள்," என்றாள் நேசமலர். "கலியாணம் முடிக்காத ஒரு துரை செத்துப்போனார். அவற்றது."